ஏழு பூமியும் ஒரு சாண் நிலமும்



பூமியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது பற்றிய செய்திகள் நம் மஹல்லா வாட்ஸ்அப் குழுக்களில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சைபீரியாவில் ஆழ்கிணறு தோண்டியபோது நரகவாசிகளின் அலறல் கேட்டதாக ஓர் ஒலிப்பதிவு. நிலவு பிளந்ததற்கு நாசாவே சான்றளித்துவிட்டதாக ஒரு படம். பூமிக்கு ஏழு அடுக்குகள் இருப்பதை விஞ்ஞானிகள் இப்போதுதான் கண்டறிந்தார்கள் என்று ஒரு காணொளி. "சுப்ஹானல்லாஹ்" என்று எழுதி அடுத்த குழுவுக்கு அனுப்ப ஒரு நொடி போதும். மறுநாள் மதரஸாவில் ஒரு பிள்ளை எழுந்து, "உஸ்தாத், இது உண்மையா?" என்று கேட்கும்போது பதில் சொல்லும் பொறுப்பு எங்கள் தலையில் விழுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய செய்திகளைப் பரப்புவது தஃவா ஆகாது. அது மார்க்கத்தின் மீது பொய்யின் தூசியைப் படியவிடும் செயல். கோள்களின் உள்ளே உள்ள பொருள்களை ஆராயும் கல்வியோ பயனுள்ள இல்ம். அந்தக் கல்வியின் மிகச் சிறந்த சான்றுகளுள் ஒன்று நம் தாம்பரம், பல்லாவரம் பகுதியிலேயே கிடக்கிறது. அதைப் பாராமல் வதந்தியை நம்பிக்கொண்டிருப்பது நமக்கு அழகன்று.

அலறல் கேட்ட கிணறு

முதலில் அந்தக் கிணற்றின் செய்தி. அது சைபீரியாவில் இல்லை. ரஷ்யாவின் வடமேற்கு மூலையில், நார்வே எல்லைக்கு அருகே, கோலா தீபகற்பத்தில் உள்ளது. சோவியத் அறிவியலாளர்கள் 1970இல் துளையிடத் தொடங்கி, 1989இல் 12,262 மீட்டர் ஆழத்தை எட்டினார்கள். அங்கே ஏறத்தாழ 100 டிகிரி வெப்பம் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். இருந்ததோ 180 டிகிரி. பாறை இளகிக் கருவிகள் மேலே செல்ல முடியாமல் போயின. அந்தத் துளையின் அகலம் ஒரு சாண் அளவே.

பூமியின் மையத்திற்கு உள்ள தூரம் 6,371 கிலோமீட்டர். மனிதன் இறங்கியது பன்னிரண்டு கிலோமீட்டர். ஒரு மாம்பழத்தின் தோலைக்கூட அவன் இன்னும் முழுதாகத் துளைக்கவில்லை.

அலறல் கதை பின்லாந்தின் அச்சு ஏடுகள் வழியாக அமெரிக்காவின் ஒரு கிறித்தவத் தொலைக்காட்சிக்குப் போய், அங்கிருந்து உலகெங்கும் பரவியது. பின்னர் யாரோ அதில் "கப்ரு வேதனை" என்ற சொல்லைச் சேர்த்து நம் குழுக்களுக்குள் இறக்கிவிட்டார்கள். கப்ருடைய வேதனையை நாம் நம்புவது ஸஹீஹான ஹதீஸ்களின் அடிப்படையில். அந்த நம்பிக்கைக்கு ஒரு திரிக்கப்பட்ட ஒலிப்பதிவு எதற்கு? அந்தப் பதிவு பொய் என்று பிள்ளை கல்லூரியில் அறியும் நாளில், அதனோடு சேர்த்துக் கற்பித்த உண்மையையும் அவன் ஐயுற்றால் அந்தப் பாவத்தில் யாருக்குப் பங்கு?

நிலவின் பள்ளம்

நிலவின் படமும் இவ்வாறே. அது 1969 மே மாதம் அப்பல்லோ 10 விண்கலத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதில் தெரியும் நீண்ட பள்ளத்தின் பெயர் ரைமா அரியாடேயஸ். நீளம் சுமார் 300 கிலோமீட்டர். இணையாக ஓடும் இரண்டு பிளவுகளுக்கு நடுவே உள்ள நிலம் கீழே அமிழ்ந்ததால் உண்டானது. நிலவின் சுற்றளவோ ஏறக்குறைய 10,900 கிலோமீட்டர். இரண்டாகப் பிளந்து ஒட்டிய வடுவாக இருந்தால் அது நிலவைச் சுற்றி ஓடவேண்டும் என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளையும் கணக்கிட்டுச் சொல்லிவிடுவான். இந்தப் படத்தைச் சான்றாகக் கொள்ள இயலாது என்று நாசாவைச் சேர்ந்தவர்களே சொல்லிவிட்டார்கள்.

நிலவு பிளந்ததை நாம் முஃஜிஸாவாக ஈமான் கொண்டிருக்கிறோம். அல்கமர் அத்தியாயத்தின் முதல் வசனமும், புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவான அறிவிப்புகளும் அதற்குப் போதும். நிகழ்த்தியவன் வடு இல்லாமல் சேர்க்கவும் ஆற்றலுடையவன். நாம் தேடும் புகைப்படம் அவனுக்குத் தேவைப்படவில்லை, நமக்கும் தேவைப்படக்கூடாது.

பல்லாவரத்துக் கல் சொல்லும் செய்தி

இப்போது நம் ஊருக்கு வருவோம். பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், பம்மல் என்று நீளும் குன்றுகளின் கல்லை நாம் கருங்கல் என்கிறோம். கொத்தனாருக்கு அது ஜல்லி. நம் வீட்டு அஸ்திவாரங்களிலும் பள்ளிவாசல் படிக்கட்டுகளிலும் அது கிடக்கிறது. உலகெங்கும் உள்ள புவியியலாளர்கள் அதைச் சார்னோகைட் என்ற பெயரால் அறிவார்கள்.

பெயர் வந்த வழி வியப்பானது. கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியிருப்பை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறை, கல்கத்தாவின் புனித யோவான் தேவாலய வளாகத்தில் உள்ளது. அதன் மீது பதித்த கல், சென்னைப் பகுதியிலிருந்து கொண்டுபோனது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து, அந்தக் கல்லும் பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளின் கல்லும் ஒன்றே என்று கண்டு, 1893இல் அவ்வினத்திற்குச் சார்னாக்கின் பெயரைச் சூட்டினார். அண்டார்க்டிகாவிலோ பிரேசிலிலோ இவ்வகைப் பாறை கிடைத்தாலும், அதன் மூல மாதிரி நம் பரங்கிமலைக் கல்தான். பரங்கிமலையின் பாறையைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகவும் அத்துறை அறிவித்திருக்கிறது.

இக்கல்லின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். இது உருவானது நிலத்தின் மேற்பரப்பில் அன்று. ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில், பெரும் அழுத்தத்தில் இது உருப்பெற்றது. நீர்ச்சத்து மிகக் குறைந்த அந்தச் சூழலில் நிலைக்கும் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இதில் உண்டு. அந்தக் கனிமமே இக்கல்லின் பிறப்புச் சான்றிதழ். கோடிக்கணக்கான ஆண்டுகளாக மேலிருந்த பாறைகள் தேய்ந்து கரைய, ஆழத்தில் கிடந்தது மெல்ல மேலெழுந்து நம் காலடிக்கு வந்திருக்கிறது. சோவியத் நாடு பத்தொன்பது ஆண்டுகள் துளையிட்டும் எட்டாத ஆழத்தின் கல்லின் மீது, நாம் வாகனத்தை நிறுத்திவிட்டுத் தொழப் போகிறோம்.

அல்அன்கபூத் அத்தியாயத்தின் 20ஆம் வசனம், பூமியில் பயணம் செய்து படைப்பு எவ்வாறு தொடங்கியது என்று பார்க்கும்படி ஏவுகிறது. அந்தப் பயணத்தின் ஒரு பகுதியை நாம் மின்சார ரயிலிலேயே முடித்துவிடலாம்.

காணாததை எப்படி அறிந்தார்கள்?

ஒருவரும் போகாத ஆழத்தைப் பற்றி எப்படித் துணிந்து பேசுகிறார்கள் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. மதரஸாவில் ஹதீஸ் கலையைத் தொட்டவர்களுக்கு இதன் விடை எளிதில் விளங்கும்.

முதல் வழி எடை. பதினோராம் நூற்றாண்டின் பேரறிஞர் அல்பிரூனி, ரத்தினக் கற்களையும் உலோகங்களையும் நீரில் இட்டு, அவை வெளியேற்றும் நீரின் அளவைக் கொண்டு அவற்றின் அடர்த்தியைத் துல்லியமாகக் கணித்தார். அந்த வழியில் பல்லாவரத்துக் கல்லை அளந்தால் நீரைப் போல் இரண்டே முக்கால் மடங்கு எடை வரும். பூமி முழுவதின் சராசரியோ ஐந்தரை மடங்கு. மேலே கிடக்கும் கல் இவ்வளவு இலேசாக இருந்தால், உள்ளே இதைவிட மிகக் கனமான ஒன்று இருந்தாக வேண்டும். அது பெரும்பாலும் இரும்பு என்ற முடிவுக்கு இந்தக் கணக்கே வாசல் திறந்தது.

இரண்டாம் வழி நிலநடுக்கம். 1897 ஜூன் 12 அன்று அஸ்ஸாமில் பெரும் பூகம்பம் நேர்ந்தது. அதை ஆராய்ந்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ரிச்சர்டு ஓல்டாம். தொலைதூர நாடுகளின் பதிவுகளில் வெவ்வேறு வேகத்தில் ஓடும் அலைகள் இருப்பதை அவர் பிரித்துக் கண்டார். முதலில் வருவது அமுக்கி விரியும் அலை. பின்னே வருவது குறுக்கே அசைக்கும் அலை. 1906இல், இந்த அலைகள் பூமியின் நடுவே தாமதமாவதைக் கொண்டு, பூமிக்கு வேறொரு பொருளாலான கருவம் உண்டு என்று காட்டினார். குறுக்கலை திரவத்தின் ஊடே செல்லாது; ஆகவே அந்தக் கருவத்தின் வெளிப்பகுதி உருகிய நிலையில் இருப்பது பின்னர் தெளிவாயிற்று. 1936இல் டென்மார்க்கின் இங்கே லேமன் என்ற பெண்மணி, அந்தத் திரவத்துக்குள் மற்றொரு உட்கருவம் இருப்பதைக் கண்டறிந்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது முறை. ஒரே நிலையத்தின் பதிவை வைத்து எவரும் முடிவு கட்டவில்லை. பல நாடுகளின் பதிவுகள் ஒன்றையொன்று அறியாமல் ஒரே செய்தியைச் சொல்கின்றனவா, கருவி நம்பகமானதா, கடிகாரம் சரியாக ஓடியதா என்று சோதித்தார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் அறிவிப்பாளரின் நேர்மையையும் நினைவாற்றலையும் சங்கிலியின் தொடர்பையும் சோதித்த உழைப்பை இது நினைவூட்டவில்லையா? வஹீ வேறு, மனித ஆய்வு வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. கேட்டதைச் சோதித்த பின்னரே ஏற்பது என்ற ஒழுக்கம் நம் முன்னோரின் சொத்து என்கிறேன். அந்தச் சொத்தை ஆய்வகங்கள் காத்துவருகின்றன. வாட்ஸ்அப்பில் நாம் இழந்துவருகிறோம்.

அதே ஒழுக்கம் இப்போது நிலவுக்கும் போயிருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று தரையிறங்கிய சந்திரயான் 3இன் விக்ரம் கலத்தில் நிலவதிர்வை அளக்கும் கருவி இருந்தது. அது ஆகஸ்ட் 26 அன்று இயற்கையானதாகத் தோன்றும் ஓர் அதிர்வைப் பதிவு செய்தது. பிரக்யான் ஊர்தி, தான் சென்ற சுமார் நூறு மீட்டர் பாதையில் மண்ணின் தனிமங்களை அளந்தது. அனார்த்தோசைட் என்ற வெண்ணிறப் பாறையின் இயல்பு அங்கே தெரிந்தது. தொடக்கத்தில் நிலவே ஒரு பாறைக்குழம்புக் கடலாக இருந்தது என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது. அதே இனப் பாறை நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டியில் உண்டு. நிலவின் மண்ணைப் போன்ற மாதிரி மண்ணை அதிலிருந்து தயாரித்துத்தான் இஸ்ரோ தன் கலங்களைச் சோதித்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர்கள் அதற்குத் துணைநின்றார்கள். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர்; பொறியியல் பட்டம் பெற்றது நம் மேற்குத் தாம்பரத்தில்.

முளைகள் பற்றி ஒரு சொல்

மலைகளை முளைகளாக்கினோம் என்ற கருத்துடைய அந்நபஃ அத்தியாய வசனத்தையும் இங்கே பேசவேண்டும். மலைகளுக்கு வேர் இருப்பதை அறிவியல் கண்டது உண்மை. அதன் தொடக்கமும் நம் பரங்கிமலையோடு தொடர்புடையது. 1802இல் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவை இமயமலை அடிவாரம் வரை சென்றது. கொத்தனார் பிடிக்கும் தூக்குக்குண்டைப் போன்ற ஒன்றை இமயம் தன் பக்கம் இழுக்கவேண்டும். ஆனால் கணக்கிட்ட அளவுக்கு அது இழுக்கவில்லை. மலைக்குக் கீழே அடர்த்தி குறைந்த வேர் ஆழமாக இறங்கியிருக்கிறது என்று 1855இல் ஜார்ஜ் ஏரி விளக்கம் தந்தார்.

கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லும் காணொளிகள் அங்கே நிற்பதில்லை. மலை இருக்கும் இடத்தில் நிலநடுக்கமே வராது என்று ஒருபடி தாண்டுகின்றன. இமயத்தில்தானே பூகம்பம் மிகுதி என்று மாணவன் கேட்டால் பேச்சாளர் வாயடைத்துப் போகிறார். வசனத்தில் குறை இல்லை. வசனத்தின் மீது நாம் ஏற்றிய சுமையில் குறை இருக்கிறது. அந்த அத்தியாயம் பேசுவது மறுமையைப் பற்றி. இவ்வளவையும் படைத்தவனுக்கு உங்களை மீண்டும் எழுப்புவது கடினமா என்பதே அதன் போக்கு. அந்தப் போக்கை விட்டுவிட்டு ஒரு சொல்லை மட்டும் பிடுங்கி ஆய்வகத்தில் வைப்பது தஃப்ஸீர் ஆகாது.

ஏழு அடுக்கும் ஒரு சாணும்

இறுதியாக ஏழு பூமி. பூமிக்கு எத்தனை அடுக்கு என்பது எண்ணுபவரின் வசதியைப் பொறுத்தது. பள்ளிப் பாடநூல் மேலோடு, கவசம், கருவம் என்று மூன்று சொல்கிறது. கருவத்தை இரண்டாக்கினால் நான்கு. 1940களில் கீத் புல்லன் என்ற அறிஞர் உண்மையிலேயே ஏழு பகுதிகளாகப் பிரித்து, ஏ முதல் ஜி வரை எழுத்துகள் கொடுத்தார். சில ஆண்டுகளுக்குள் அவரே நான்காவது எழுத்தை இரண்டாக உடைத்தார். ஏழைப் பிடித்துக்கொண்டு "நிரூபணம்" என்று கொண்டாடியவர் அன்று என்ன செய்திருப்பார்? குர்ஆனின் உண்மை, புவியியலாளர் எழுத்துகளை மாற்றும்போதெல்லாம் ஆடவேண்டிய ஒன்றா? ஏழு பூமியின் உண்மையான அமைப்பை அல்லாஹ்வே நன்கறிந்தவன்.

இந்த விஷயத்தில் என்னை உறுத்துவது அடுக்குக் கணக்கைவிடப் பெரிது. ஏழு பூமி என்ற சொல் வரும் மிகப் புகழ்பெற்ற ஹதீஸ் எதைப் பற்றியது? பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்தவனுக்கு மறுமையில் ஏழு பூமி வரை அது கழுத்தில் வளையமாகப் பூட்டப்படும் என்ற எச்சரிக்கை அது. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அபூஸலமா (ரஹ்) அவர்களுக்கும் சிலருக்கும் நிலத் தகராறு இருந்தபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அந்த நிலத்தைத் தவிர்த்துக்கொள்ளும்படி சொல்லி இந்த ஹதீஸையே நினைவூட்டினார்கள். கேட்டவர்கள் பூமியின் அடுக்குகளை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. தம் வேலியைத் தள்ளிவைத்தார்கள்.

நம் பகுதியைப் பாருங்கள். தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், குரோம்பேட்டை என்று எங்கும் ஒரு சாண் நிலத்திற்காக அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோன வீடுகள் உண்டு. வாரிசுச் சொத்தில் அல்லாஹ் அந்நிஸா அத்தியாயத்தில் பெயர் சொல்லிக் கொடுத்த பங்கைச் சகோதரிக்குக் கொடுக்காமல், "அவளுக்கு நகை போட்டாயிற்று" என்று கையெழுத்து வாங்கியவர்கள் உண்டு. காம்பவுண்டுச் சுவரை அடுத்த மனைக்குள் அரை அடி நகர்த்தியவர்கள் உண்டு. ஏரிக்கரையையும் நீர்வழியையும் வளைத்து மனை போட்டவர்களும், தெரிந்தே வாங்கியவர்களும் உண்டு. மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் நம் முன்னறைக்கே வந்து கணக்குக் கேட்கிறது. இவர்களுள் சிலருடைய கைப்பேசியிலிருந்தும் ஏழு அடுக்குக் காணொளி வருகிறது. ஹதீஸின் பாதியை அறிவியலுக்குச் சான்றாக்கி, மறுபாதியைப் பத்திரப் பதிவு அலுவலகத்தின் வாசலில் விட்டுவிட்டோம்.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோருக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் சில வேண்டுகோள்கள்.

ஒரு செய்தி வந்தால், யார் சொன்னது, எப்போது, எங்கே பதிவானது என்று கேளுங்கள். வந்த செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளும்படி அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. கேட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற கருத்துடைய ஹதீஸை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் நூலின் முன்னுரையிலேயே வைத்திருக்கிறார்கள். சான்று இல்லையெனில் அனுப்பாமல் இருப்பதும் அமல்தான்.

விடுமுறையில் பிள்ளைகளைப் பரங்கிமலைக்கோ பல்லாவரம் குன்றுக்கோ அழைத்துச் சென்று அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்கச் செய்யுங்கள். ஆனால் கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைகளின் பக்கம் விடவேண்டாம். 2017 வறட்சியில் சிக்கராயபுரம் குவாரி நீர் சென்னையின் தாகம் தீர்த்தது உண்மை; அத்தகைய குட்டைகளில் குளிக்கப் போன பிள்ளைகள் திரும்பாத செய்தியையும் பலமுறை படித்திருக்கிறோம். கரை செங்குத்து, ஆழம் கண்ணுக்குத் தெரியாது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு மருத்துவம், பொறியியல் என்ற இரண்டையே காட்டவேண்டாம். மாநிலக் கல்லூரியிலும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திலும், அண்ணா பல்கலைக்கழகத்திலும் புவியியல் பாறைக்கல்வி கற்பிக்கப்படுகிறது. அனைத்தும் நம் ரயில் பாதையின் ஓரத்திலோ அருகிலோ உள்ளவை. பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். சூரியனை ஆராயும் ஆதித்யா எல் 1 திட்டத்தை 2023இல் வழிநடத்திய நிகார் ஷாஜி, செங்கோட்டையில் பிறந்த நம் சமுதாயப் பெண்மணியே.

இறுதியாக, இந்த வாரமே வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் சகோதரியின் பங்கு இருக்கிறதா, அடுத்த வீட்டாரின் அரை அடி இருக்கிறதா, வக்ஃபின் நிலம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இருந்தால் உரியவரிடம் போய்ப் பேசுங்கள். பூமியின் ஆழத்தில் எத்தனை அடுக்கு என்ற கேள்வி நம்மிடம் மறுமையில் கேட்கப்படாது. மேலே கிடந்த ஒரு சாணைப் பற்றிக் கேட்கப்படும்.

பயனுள்ள இல்மையும், கற்றதன்படி நடக்கும் தவ்ஃபீக்கையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.